கண்ணுக்குத் தெரியாத கதவுகள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



சென்ற கோடை விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள் என்பதால் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து படிப்பாள். அதற்காகத் தலைமாட்டில் கைபேசியில் அலாரம் வைத்திருந்தாள். நான் போன மூன்றாம் நாள் காலை அலாரம் அலறியது. அக்கா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த கணம் வேரற்ற மரம்போல் சாய்ந்தாள். கண்கள் செருகிக்கொண்டன. கைகால்கள் வெட்டி இழுத்தன. நான் போட்ட கூச்சலில் பெரியம்மா ஓடிவந்து இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிராது. அக்கா கண் விழித்து, "என்னடி ஆச்சு? ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அது மூன்றாவது தடவை என்று பிறகுதான் தெரிந்தது. பாட்டி காற்றுக் கருப்பு என்றார். பக்கத்து வீட்டு மாமா, படிக்கப் பயந்துகொண்டு நடிக்கிறாள் என்றார். ஒரு டாக்டர் வலிப்பு என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதியிருந்தார். அக்காவுக்கு மற்றதெல்லாம் பொறுக்க முடிந்தது. நடிக்கிறாள் என்ற பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

இம்முறை நகரத்தில் உள்ள இதய டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நானும் உடன் போனேன். "எந்த நேரத்தில் விழுந்தாள்?" என்று அவர் கேட்டார். முதல் முறை பள்ளியில் மணிக்குப் பக்கத்தில் நின்றபோது. இரண்டாம் முறை தீபாவளி வெடிச் சத்தத்தில். மூன்றாவது அலாரம். "மூணு தடவையும் சத்தம் கேட்டுத்தான், டாக்டர்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

அந்தக் காகிதத்தில் சிறு சிறு கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டம் என்பது நொடியில் 25-இல் ஒரு பங்கு. டாக்டர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இதயம் மின்னூட்டம் பெறத் தொடங்கும் இடத்திலிருந்து, அது முழுவதும் ஓய்வுநிலைக்குத் திரும்பும் இடம்வரை பதின்மூன்று கட்டங்கள். அக்காவின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு அறுபது. அந்த வேகத்தில் அது பதினொன்றரைக்குள் இருக்க வேண்டுமாம். "பொண்ணு நடிக்கலைம்மா. இதயத்துச் செல்லில் பொட்டாசியம் வெளியே போகிற கதவு சரியாத் திறக்கலைன்னு நினைக்கிறேன்" என்றார். சில வாரங்கள் கழித்து வந்த மரபணுச் சோதனை முடிவும் அதையே சொன்னது.

எனக்கு ஒரே வியப்பு. காகிதத்தில் ஓடிய ஒரு கோட்டைப் பார்த்து, நம் பள்ளி நுண்ணோக்கியில்கூடத் தெரியாத ஒரு கதவைப் பற்றி அவர் எப்படிச் சொன்னார்? அப்படி ஒரு கதவு இருக்கிறது என்பதே மனிதனுக்கு எப்படித் தெரிந்தது? பள்ளி திறந்ததும் எங்கள் விஞ்ஞான ஆசிரியை சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர் இரண்டு தடித்த புத்தகங்களைக் கொடுத்து, "படித்துவிட்டு மலருக்கு எழுது" என்றார். படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

விரலை வெட்டிக்கொண்டு வாயில் வைத்தவர்களுக்கு இரத்தம் உப்புக் கரிக்கும் என்பது தெரியும். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் உப்பு நீரில் மிதக்கிறது. அதன் உள்ளேயும் உப்பு நீர்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த வேறுபாடு குலையாதபடி செல் தன் சக்தியைச் செலவழித்து, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சவ்வு கொழுப்பாலானது. ஒரு மில்லிமீட்டரில் இரண்டு இலட்சம் பங்கு கனம்தான். மின்னூட்டம் கொண்ட அயனிகளால் கொழுப்பைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே அங்கங்கே புரதத்தாலான குழாய்கள் சவ்வின் குறுக்கே பதிந்திருக்கின்றன. அயனிக் கால்வாய்கள் என்று இவற்றுக்குப் பெயர். ஆனால் கால்வாய் என்றால் தண்ணீர் எந்நேரமும் ஓடுவதுபோல் தோன்றுகிறது. இவையோ திறக்கின்றன, மூடுகின்றன. அதனால் நான் டாக்டர் சொன்னபடி கதவு என்றே எழுதுகிறேன்.

நரம்புச் செல் சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். டார்ச் விளக்குப் பாட்டரியில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. சோடியக் கதவுகள் திறந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து இந்த நிலை தலைகீழாகும். பிறகு பொட்டாசியக் கதவுகள் திறந்து பொட்டாசியம் வெளியேறப் பழைய நிலை திரும்பும். நாம் நினைப்பதும் நடப்பதும், இந்தப் பேனாவைப் பிடித்து நான் எழுதுவதும் இப்படித்தான் நடக்கின்றன.

இதில் உப்புக்களுக்கு உள்ள பங்கு தெரியவந்த கதை ஒன்று உண்டு. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், உடலிலிருந்து எடுத்த தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்க வைத்தார். 1882-இல் அதை வெளியிட்டும் விட்டார். பிறகு பார்த்தால், காய்ச்சி வடித்த நீர் என்று அவர் நம்பியது வெறும் குழாய்த் தண்ணீர்! உண்மையான வடிநீரில் கரைத்த உப்பில் இதயம் விரைவில் நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருந்தது. 1883-இல் தம் பிழையைத் தாமே திருத்தி வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயைச் சரியாகக் கழுவாமல் திட்டு வாங்குகிறோமே, நமக்கு இப்படி எதுவும் கிடைப்பதில்லை.

கதவுகளைப் பற்றிய முதல் பெரிய ஆராய்ச்சி கணவாய் மீனில் நடந்தது. கணவாய் ஆபத்தைக் கண்டால் நீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னோக்கிப் பாயும். அதற்கான நரம்பிழை சில வகைகளில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்கும். நம் உடலின் நரம்பிழைகளோடு ஒப்பிட்டால் இது மலைப்பாம்புதான்! இங்கிலாந்தில் பிளிமத் என்னும் கடற்கரை ஊரில், 1939 ஆகஸ்டில், ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இருவர் இந்த நரம்பிழைக்குள் மெல்லிய மின்முனையை நீளவாக்கில் செலுத்திவிட்டார்கள். ஹாட்ஜ்கினுக்கு வயது 25, ஹக்ஸ்லிக்கு 21. நரம்பில் செய்தி ஓடும்போது உள்ளிருக்கும் மின்னழுத்தம் பூச்சியத்துக்கு வந்து நிற்கும் என்பது அதுவரை இருந்த கருத்து. ஆனால் அது பூச்சியத்தைத் தாண்டி மேலே போயிற்று. ஏன் என்று ஆராய்வதற்குள் செப்டம்பரில் உலகப் போர் வந்துவிட்டது.

போர் முடிந்து இருவரும் மறுபடி கணவாயிடம் வந்தார்கள். இம்முறை மின்னழுத்தத்தை ஓரிடத்தில் அசையாமல் பிடித்து வைத்துக்கொண்டு, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளந்தார்கள். அழுத்தத்தை மாற்றியதும் முதலில் சோடியம் உள்ளே வருகிறது. சற்றுப் பின்னே பொட்டாசியம் வெளியே போகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டி 1952-இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அளந்த எண்களைக் கொண்டு ஒரு நரம்புச் செய்தி எப்படி ஓடும் என்று கணக்கிட வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த கம்ப்யூட்டர் அப்போது கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுழற்றும் கணக்குப் பொறியில் சுழற்றிச் சுழற்றியே போட்டார். ஓடும் செய்தி ஒன்றின் கணக்குக்கு மூன்று வாரம் பிடித்ததாம். நரம்பில் அது நடந்து முடிய ஆவது சில மில்லிநொடிகள்! கணக்கின் விடையும் கணவாயில் கண்டதும் பொருந்தின. 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் தோழிகளே, கதவை இன்னும் யாரும் காணவில்லை. இலட்சக்கணக்கான கதவுகள் சேர்ந்து செய்ததைத்தான் அவர்கள் அளந்தார்கள். நம் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தின்போது மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன கேட்கும்? ஒரே இரைச்சல். கூட்டம் தொடங்கியது, முடிந்தது என்று தெரியும். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் பாடாமல் நிற்பது தெரியுமா? ஈ.சி.ஜி. அப்படி மதிலுக்கு வெளியே நின்று கேட்பது. கணவாய்ச் சோதனை அரங்கின் வாசலில் நின்று கேட்பது. ஒருத்தியின் குரலை மட்டும் கேட்க வேண்டுமானால் அவள் வாயருகே காதை வைக்க வேண்டும்.

அதைச் செய்தவர்கள் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரிலிருந்த எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும். அவர்கள் கையாண்ட கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கண்ணாடிக் குழாய். மெல்லிய கண்ணாடிக் குழாயின் நடுவைச் சூடாக்கி இரு பக்கமும் இழுத்தால், பாகு இழுப்பதுபோல் நீண்டு, கூரிய முனையோடு இரண்டாகும். முனையின் துளை ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குழாயில் உப்பு நீர் நிரப்பி, குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பியைச் செருகி, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே முனையைச் செல்லின் மேல் வைக்க வேண்டும். முனைக்குள் அகப்பட்ட அந்தச் சிறு வட்டத்தில் ஒரே ஒரு கதவு இருந்தால், அந்த ஒன்றின் குரல் மட்டும் கேட்கும்.

சொல்ல எளிது. ஒரு கதவு திறந்தால் பாயும் மின்னோட்டம் சில பிக்கோ ஆம்பியர். ஒரு பிக்கோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. நம் வகுப்பறை மின்விசிறி எடுத்துக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு ஆம்பியர். அந்த விசிறியின் மின்கம்பி பக்கத்தில் ஓடினாலே கதவின் குரல் அமுங்கிவிடும். ஆகவே கம்பிவலைக் கூண்டுக்குள், காற்றின்மேல் மிதக்கும் மேசையில் வைத்து இச்சோதனையைச் செய்கிறார்கள். இருந்தும், குழாயின் விளிம்புக்கும் செல்லுக்கும் இடையே உள்ள இடுக்கு வழியாக மின்னோட்டம் கசிந்தது. 1976-இல் தவளையின் தசை நாரில் முதன்முதலாக ஒரு கதவின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தபோது இந்த இரைச்சலோடுதான் பதிவு செய்தார்கள். 1980-இல், சுத்தமான புதுக் குழாயை வைத்து மெல்ல உறிஞ்சினால் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்வதை நேயர் கண்டார். கசிவின் தடை நூறு கோடி ஓமையும் தாண்டிவிட்டது, இரைச்சல் அடங்கியது. பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் இதைச் செய்கிறார்களாம். இளநீர் குடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கைவரக்கூடிய வேலைதான்!

கேட்டது என்ன? கோடு சமதளமாக ஓடுகிறது. திடீரென்று படிக்கட்டுபோல் ஒரு படி ஏறுகிறது. சிறிது நேரம் அங்கேயே ஓடுகிறது. திடீரென்று பழையபடி இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. ஏறும் உயரம் எப்போதும் ஒன்றே. நிற்கும் நேரம் மட்டும் மாறுகிறது. அரைகுறையாகத் திறப்பது இல்லை. கதவு திறந்திருக்கிறது, அல்லது மூடியிருக்கிறது. இருவருக்கும் 1991-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு கதவு வழியே எத்தனை அயனிகள் போகும் என்று நானே கணக்குப் போட்டேன். நம் பௌதிகப் பாடத்தில் வரும் மின்னூட்ட அளவைக் கொண்டு வகுத்தால் போதும். ஒரு பிக்கோ ஆம்பியர் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 62 இலட்சம் அயனிகள். விடை தவறோ என்று மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு சிஸ்டரிடம் காட்டினேன். சரிதான் என்றார்.

இன்னொரு புதிர் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. பொட்டாசியக் கதவு வழியே பொட்டாசியம் போகும், சோடியம் போகாது. ஆனால் சோடியம் அல்லவா சிறியது! பெரியது நுழையும் வாசலில் சிறியது ஏன் நுழையவில்லை? 1998-இல் அமெரிக்காவில் ராடரிக் மக்கினன் குழுவினர் ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியக் கதவை எக்ஸ் கதிரால் படம்பிடித்தபோது விடை கிடைத்தது. நீரில் உள்ள அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டிருக்கும். கதவின் குறுகலான இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தைச் சுற்றி நீர் நின்ற அதே இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் போர்வையை உதறிவிட்டு உள்ளே போகலாம். சோடியத்துக்கோ அந்த இடம் பெரிய சட்டைபோல் தொளதொளக்கிறது. போர்வையை விட்டுவர அதற்கு மனமில்லை. 2003-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி அக்காவின் கதவுக்கு வருகிறேன். அதன் கதை தொடங்கியது பழ ஈயில். பழ ஈக்களில் ஒரு வகையை ஈதரால் மயக்கினால் கால்கள் நடனமாடுவதுபோல் உதறும். அந்த மரபணுவுக்கு 'ஈதர் எ கோ கோ' என்று அக்கால நடனம் ஒன்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் உறவான ஒரு மரபணு மனிதனிலும் இருப்பது 1994-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஓர் இதயநோய்க்கு அந்த மரபணுவின் பிழையே காரணம் என்று கண்டார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று அறிய, கடுகளவே உள்ள ஒரு தவளை முட்டைக்குள் அம்மரபணுவின் நகலைச் செலுத்தினார்கள். முட்டை அந்தக் கதவுகளைத் தன் சவ்வில் செய்து வைத்தது! மின்முனைகளைச் செருகி அளந்தபோது, இதயத் துடிப்பின் முடிவில் பொட்டாசியத்தை வெளியேற்றும் கதவு அதுவே என்று தெரிந்தது.

அந்தக் கதவுகள் சரியாக வேலை செய்யாவிட்டால் இதயச் செல் ஓய்வுநிலைக்குத் திரும்பத் தாமதிக்கும். டாக்டர் எண்ணிய பதின்மூன்று கட்டங்கள் அந்தத் தாமதம்தான். அச்சமயம் ஒரு திடுக்கிடல் வந்து அட்ரினலின் பாய்ந்தால், ஓய்வு முடியாத இதயத்தில் அடுத்த துடிப்பு வந்து விழும். இதயம் ஒழுங்கு கெட்டு நடுங்கும், இரத்தத்தைத் தள்ளாது. மூளைக்கு இரத்தம் போகாமல் மயக்கம் வரும். வலிப்பு போலவே கைகால் இழுக்கும். பல சமயம் அது தானே அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டால் உயிர் போய்விடும்.

பிறவியில் கதவு நன்றாக இருப்பவர்களுக்கும் ஓர் அபாயம் உண்டு. சில மருந்துகள் போய் இந்தக் கதவை அடைத்துக்கொள்கின்றன. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை இதனால்தான் 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. புதிய மருந்துகளை மனிதருக்குக் கொடுக்குமுன் இந்தக் கதவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 2005-இல் சர்வதேச நெறிமுறை வந்தது. நாம் விழுங்கும் புதிய மாத்திரை ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒருவர் கண்ணாடிக் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். பல் டாக்டர் போடும் மரப்பு ஊசி சோடியக் கதவுகளை அடைக்கிறது. மிளகாய், சூட்டை உணரும் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. வாய் 'எரிகிறது' என்று நாம் சொல்வது அதனால்தான். அவற்றைப் பற்றியும் எழுத ஆசைதான், மலரில் இடம் போதாது.

இந்நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. டாக்டர் பாட்டியிடம், "உங்கள் குடும்பத்தில் சின்ன வயசில் திடீரென்று யாராவது இறந்ததுண்டா?" என்று கேட்டார். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தம் கடைசி மகள் பதினான்கு வயதில் திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டு விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றார். பேய் அடித்துவிட்டது என்று ஊர் சொன்னதாம். எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் கதவுகள் எப்படி இருந்தன என்று இனி எந்தக் கண்ணாடிக் குழாயாலும் கேட்க முடியாது.

எங்கள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பெரியம்மாவின் கோடும் நீளம். அடுத்து அம்மா, பிறகு நான். குளிர்ந்த பசையைத் தடவி, கைகால்களில் கவ்விகளை மாட்டி, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். காகிதம் வெளியே வரும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் எண்ணியபோது நானும் மனதுக்குள் எண்ணினேன். பத்து. அம்மாவுக்கும் பத்துதான். பின்னர் வந்த மரபணுச் சோதனையும் எங்கள் இருவருக்கும் நல்லபடியாகவே இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தேனா என்றால் அப்படியும் சொல்ல முடியவில்லை. எதிரில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்கா இப்போது இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாள். வலிப்பு மாத்திரையை நிறுத்தியாயிற்று. கதவை அடைக்கும் மருந்துகளின் பட்டியல் ஒன்று அவள் புத்தகப் பையில் இருக்கிறது. எரித்ரோமைசின் என்ற பெயர் அதில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. வாந்தி, பேதி வந்தால் உடலில் பொட்டாசியம் குறைந்துவிடும் என்பதால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அவள் படிக்கும் பள்ளியில் மணிக்குத் தொலைவான வகுப்பறையாகப் பார்த்து இடம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை.

வீட்டில் அலாரம் கிடையாது. பெரியம்மாவும் மாத்திரை சாப்பிடுகிறவர்தான். அவர் தாமாகவே நாலரை மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல், அக்காவின் பாதத்தை மெல்லத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவள் கண் விழிக்கும்வரை.